படுக்க வைக்காத பொம்மை

எண்பத்து மூன்றாம் வருஷம், நவராத்திரிக்கு முந்தின வாரம். தில்லி லக்ஷ்மிபாய் நகரில், ஒரு அரசாங்கக் குவார்ட்டர்ஸின் முன்னறையில்தான் இது ஆரம்பித்தது.

அப்போது எனக்குக் கோல் மார்க்கெட் பக்கம் சொந்தமாக ஒரு டென்ட் ஹவுஸ் இருந்தது. டென்ட் ஹவுஸ் என்றால் ஷாமியானா, நாற்காலி, மேடைப் பலகை, ஜமக்காளம், பெரிய பெரிய அண்டா எல்லாம் வாடகைக்குக் கொடுக்கிற கடை. நான் அருப்புக்கோட்டைப் பக்கத்து ஆள். படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. தில்லியில் வந்து இறங்கியபோது 'பானி' என்ற ஒரே ஒரு இந்தி வார்த்தைதான் எனக்குத் தெரியும். ஒரு பஞ்சாபி லாலாவிடம் மூங்கில் சுமந்து, கயிறு முறுக்கி, தொழில் கற்றுக்கொண்டு, பிறகு தனியாகக் கடை போட்டேன். நான் சொல்கிற வருஷத்தில் தில்லித் தமிழர் வீட்டுக் கல்யாணமோ பஜனையோ, என் மூங்கில் ஊன்றாமல் நடக்காது. பீற்றிக்கொள்வதாக நினைக்க வேண்டாம். பழைய ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள், கேட்டுப் பாருங்கள்.

அந்த வாரம் ஒரு நாள் காலையில் நாலைந்து இளவட்டங்கள் கடைக்கு வந்தார்கள். சிலர் கல்லூரி, சிலர் புதிதாக வேலையில் சேர்ந்த கிளார்க்குகள். எல்லார் தோளிலும் ஜோல்னாப் பை.

"அண்ணாச்சி, ஒரு கண்காட்சி வைக்கணும். கொழும்பிலேர்ந்து அகதியா வந்த ஒரு டிராயிங் டீச்சர் படம் வரைஞ்சிருக்காங்க. நீங்கதான் ஷாமியானா போட்டுத் தரணும்" என்றார்கள்.

ஜூலையில் அங்கே தமிழர்களுக்கு எதிராக நடந்த கலவரத்தைப் பற்றி எல்லாரும் பேப்பரில் படித்திருந்தோம். படித்தவர்கள் படித்தார்கள், என்னைப் போன்றவர்கள் படிக்கச் சொல்லிக் கேட்டோம். ஆனால் அங்கிருந்து வந்த ஒரு மனுஷியை நேரில் பார்த்தது நான் அன்றைக்குத்தான். பையன்கள் என்னை லக்ஷ்மிபாய் நகருக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள்.

அந்த வீடு ஒரு மினிஸ்ட்ரி கிளார்க்கினுடையது. அவருக்கும் டீச்சருக்கும் சொந்தம் கிடையாது, பந்தம் கிடையாது. டீச்சரின் கணவரும் அந்தக் கிளார்க்கும் பேனா நண்பர்கள். பத்திரிகையில் விலாசம் பார்த்து எழுத ஆரம்பித்து, வருஷக்கணக்காக எழுதிக்கொண்டே இருந்தவர்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. "எங்களுக்கு ஏதும் நடந்தால் நீ தில்லியில இருக்கிற என்ரை சிநேகிதன் வீட்டுக்குப் போ, நானும் அங்க வருவன்" என்று கணவர் எப்போதும் சொல்வாராம். கலவரம் ஆரம்பித்த அன்றைக்கு அவர் வேலைக்குப் போனவர், திரும்பவில்லை. வீடு எரிந்துவிட்டது. டீச்சர் தன் ஏழு வயது மகளைப் பிடித்துக்கொண்டு, முகாமாக மாற்றிய ஒரு பள்ளிக்கூடத்தில் கிடந்து, கப்பலில் வடக்கே போய், அங்கிருந்து தோணியில் ராமேஸ்வரத்துக்கு வந்து, ரயிலேறித் தில்லி வந்து சேர்ந்திருந்தார். கணவர் உயிரோடு இருந்தால் அவருக்குத் தெரிந்த ஒரே இந்திய விலாசம் இந்த வீடுதான்.

இங்கேதான் சிக்கல். அரசாங்கக் குவார்ட்டர்ஸில் வெளி ஆட்களைக் குடிவைக்கக் கூடாது. கிளார்க் அயல்நாட்டுக்காரர்களுக்கு வீட்டை உள்வாடகைக்கு விட்டிருக்கிறார் என்று யாரோ புகார் கொடுத்துவிட்டார்கள். விசாரித்து உண்மை என்று எழுதிவிட்டால் குவார்ட்டர்ஸே போய்விடும். அவருக்கு மூன்று குழந்தைகள். சரஸ்வதி பூஜை முடிகிற வரைக்கும் இருங்கள், அதற்கு மேல் என்னால் முடியாது என்று டீச்சரிடம் சொல்லியிருந்தார். சொன்ன நாளிலிருந்து அந்த மனுஷர் சரியாகச் சாப்பிடவில்லை என்று அவர் மனைவி என்னிடம் சொன்னார். இங்கிருந்து போனால் ஏதாவது முகாமுக்குத்தான் போக வேண்டும். கணவர் தேடிக்கொண்டு வந்தால் பூட்டிய கதவைத்தான் பார்ப்பார். டீச்சருக்கு வேறு எந்தக் கவலையும் இல்லை, இந்த ஒன்றுதான். இந்தக் காலனியை விட்டுப் போகக் கூடாது.

பையன்கள் போட்ட கணக்கு என்னவென்றால், கண்காட்சி வைத்து நாலு பேர் பார்த்தால் யாராவது ஒருவர் இரக்கப்பட்டு இங்கேயே ஓர் அறை கொடுக்க மாட்டாரா என்பது. முதலில் காலனி சபாவின் ஹாலைக் கேட்டார்கள். சபா செக்ரட்டரி ஒரு மினிஸ்ட்ரியில் எஸ்டாப்ளிஷ்மெண்ட் செக்ஷன்காரர். ப்ரமோஷன் பட்டியலில் பெயர் நிற்கிறது. அக்டோபர் பிறந்தால் மஃப்ளர் கட்டுகிற ஆசாமி. ஹால் என்ற வார்த்தையைக் கேட்டவுடனே அவருக்கு வேர்த்துவிட்டது.

"இது பொலிட்டிகல் ஆயிடும். ஒரு வெளிநாட்டைப் பத்தின விஷயம். நாங்கள்லாம் கவர்ன்மெண்ட் சர்வண்ட்ஸ். யாராவது ஒருத்தன் ஃபோட்டோ எடுத்து மேலே அனுப்பினான்னா, அவ்வளவுதான். உங்களுக்கென்னய்யா, டென்ட்காரர்!" என்றார் என்னைப் பார்த்து.

எனக்குச் சிரிப்பு வந்தது. அந்தக் காலத்தில் எனக்கு இந்தப் பேப்பர் உத்தியோகக்காரர்களைக் கண்டால் ஓர் இளக்காரம். நான் எவனுக்கும் சலாம் போடாமல் முன்னுக்கு வந்தவன். மழையில் கம்பத்தின் உச்சியில் நின்று கயிறு கட்டினவன். இவர்கள் ஒரு மெமோவுக்கு நடுங்குகிறார்களே என்று தோன்றும்.

திரும்பி வரும் வழியில் எனக்கு ஒரு யோசனை பளிச்சென்று வந்தது. கூட்டத்துக்கு வர எல்லாரும் பயப்படுகிறார்கள். கொலுவுக்கு வர யார் பயப்படுவார்கள்? எந்த மேலதிகாரி, ஏன் கொலுவுக்குப் போனாய் என்று கேட்பான்? டீச்சர் படத்தை விட்டுவிட்டுப் பொம்மை செய்யட்டும், நான் படி கட்டித் தருகிறேன், வெற்றிலை பாக்கு கொடுத்து ஊரையே கூப்பிடலாம் என்றேன். என் மனைவி இது அவளுடைய யோசனை என்று இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். சொல்லிக்கொள்ளட்டும். இத்தனைக்கும் எங்கள் இரண்டு பேர் வீட்டிலும் கொலு வைக்கிற வழக்கமே கிடையாது.

பையன்களில் தாடி வைத்த ஒருவனுக்குக் கோபம். "புரட்சியைச் சுண்டலோட சேர்த்துக் குடுக்கச் சொல்றீங்களா அண்ணாச்சி?" என்றான்.

"சுண்டல் குடுத்தா நின்னு பாப்பான். நோட்டீஸ் குடுத்தா கிழிச்சுப் போட்டுட்டுப் போவான். எது வேணும் ஒனக்கு?" என்றேன். அவன் முறைத்துக்கொண்டு போனான். ஆனால் பொம்மைக்கு வேண்டிய பழைய பேப்பரைக் கிலோக்கணக்கில் சேர்த்துக் கொண்டுவந்தவன் அவன்தான்.

டீச்சர் பேப்பரை ஊறவைத்து, வெந்தயத்தோடு அரைத்து, அந்தக் கூழில் பொம்மை செய்தார். "எங்கட பக்கத்தில கும்பம்தான் வைக்கிறது அண்ணை, கொலு அவ்வளவா இல்லை. உங்கட முறை எனக்கு வடிவாத் தெரியாது" என்றார். மேல்படிகளில் சாமி, கீழ்ப்படிகளில் மனிதர்கள் என்று கிளார்க்கின் மனைவி சொல்லிக்கொடுத்தார். சாமி பொம்மைகளை அக்கம்பக்கத்தில் இரவல் வாங்கினார்கள். நான் கிளார்க் வீட்டு முன்னறையில் கல்யாண மேடைப் பலகையை அடுக்கிப் படி கட்டி, மேலே வெள்ளைத் துணி இழுத்து, முன்னால் புல்தரையில் சின்னதாக ஒரு ஷாமியானாவும் போட்டேன். யானை ஏறினாலும் ஆடாத படி. நான் கட்டினால் அப்படித்தான்.

கீழ்ப்படிகளில் செட்டியார் கடைப் பொம்மையும் கல்யாண ஊர்வலமும் இருக்க வேண்டிய இடத்தில் டீச்சரின் ஆட்கள் நின்றார்கள். ஒரு சரக்குக் கப்பல், தளம் முழுக்க நெருக்கி உட்கார்ந்த மனிதர்கள். பள்ளிக்கூட பெஞ்சில் தூங்கும் குழந்தைகள். சோற்றுக்கு வரிசை. கதவு மட்டும் நிற்கிற ஒரு வீடு. சைக்கிளில் வேலைக்குப் புறப்படுகிற ஒருவர், கண்ணாடி போட்டவர். எல்லாம் சாண் உயரம்கூட இல்லை. முகங்களை மட்டும் அவ்வளவு நுணுக்கமாகச் செய்திருந்தார்.

முதல் நாள் வந்த பெண்கள் வாசலிலேயே குசுகுசுவென்று பேசிக்கொண்டார்கள். கொலுவில் எரிந்த வீடா, இது அமங்கலம் இல்லையா என்று ஒருத்தி. குழந்தைகள் பயப்படும் என்று இன்னொருத்தி. எல்லாரும் ஒரு பெரிய அதிகாரியின் மனைவி வரட்டும் என்று காத்திருந்தார்கள். காலனியில் அவரை மாமி என்று சொன்னாலே போதும், எந்த மாமி என்று யாரும் கேட்க மாட்டார்கள். கனத்த சரீரம், கனத்த குரல். சாஸ்திரத்தில் அவர் வைத்தது சட்டம். அவர் முகத்தைச் சுளித்தால் மறுநாள் ஒருத்தியும் வரமாட்டாள். டீச்சருடைய கதை அத்தோடு முடிந்தது. நான் ஷாமியானாக் கயிற்றைச் சரிபார்க்கிற சாக்கில் ஜன்னல் பக்கம் நின்றுகொண்டேன்.

மாமி வந்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து ஒவ்வொரு படியாகப் பார்த்தார்.

"இது யாருடி, கையில என்னத்தையோ கட்டிண்டு நிக்கறது?"

"அது நான்தான் மாமி."

"கையில என்ன?"

"தையல் மெஷினின்ரை தலை."

"வீடு பத்தி எரியறச்சே அதையாடி தூக்கிண்டு ஓடி வருவா?"

"கையில அதுதான் வந்தது மாமி."

மாமி அந்தப் பொம்மையை இன்னும் ஒரு தடவை குனிந்து பார்த்தார். பிறகு, "நானா இருந்தா காப்பி ஃபில்டரைத் தூக்கிண்டு ஓடியிருப்பேன்" என்றார். யாரோ சிரித்தார்கள். டீச்சரும் சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் மாமி குங்குமச் சிமிழை எடுத்து டீச்சர் பக்கம் நீட்டினார். டீச்சர் கை எழவில்லை.

"அவர் இருக்கிறாரோ இல்லையோ எண்டு தெரியேல்லை மாமி" என்றார் மெதுவாக.



"தெரியலைன்னா இருக்கார்னு அர்த்தம். எடுத்துக்கோ" என்றார் மாமி. அவரே எடுத்து நெற்றியில் வைத்தும் விட்டார்.

மறுநாளிலிருந்து கூட்டம் தாங்கவில்லை. கரோல் பாக், ராமகிருஷ்ணபுரம், எங்கெங்கேயோ இருந்து பஸ் பிடித்து வந்தார்கள். பக்கத்து பிளாக்குகளில் இருந்த பஞ்சாபிப் பெண்களும் வந்தார்கள். என் பழைய முதலாளி லாலாவும் மனைவியோடு வந்தார். அவர்களே பிரிவினையில் லாகூரை விட்டு வந்தவர்கள்தான். அந்த அம்மாள் கப்பலைப் பார்த்துவிட்டு, "உங்களுக்குக் கப்பலா? எங்களுக்கு ரயில்" என்று இந்தியில் சொல்லி, டீச்சரின் மகளை மடியில் இழுத்து வைத்துக்கொண்டார். பையன்கள் கூட்டத்துக்கு நடுவே நின்று இது இன்ன இடம், இது இன்ன சம்பவம் என்று விளக்கினார்கள். கோஷம் கிடையாது, பேனர் கிடையாது. தமிழ்நாட்டு முகாம்களுக்கு அனுப்பத் துணிமணி சேர்த்தார்கள். தில்லிப் பெண்களுக்கு உதவி என்றால் கை தானாக ஊசியையும் உல்லனையும்தான் தேடும். ராமேஸ்வரம் பக்கத்து வெயிலில் கிடப்பவர்களுக்கு ஒரு டிரங்குப் பெட்டி நிறைய ஸ்வெட்டர் சேர்ந்துவிட்டது. எங்கள் ஊர்ப் பக்கம் ஸ்வெட்டர் போட்டால் மனுஷன் வெந்துபோவான் என்று நான் சொல்லிப் பார்த்தேன். யார் கேட்டார்கள்?

செக்ரட்டரி தினமும் வந்தார். ஆனால் உள்ளே வரவில்லை. ஸ்கூட்டரில் மனைவியைக் கொண்டுவந்து இறக்கிவிட்டு, வேலிக்கு வெளியே மஃப்ளரும் தானுமாக நிற்பார். "உள்ள வாங்க சார், சுண்டலாச்சும் சாப்பிடுங்க" என்று நான் வேண்டுமென்றே உரக்கக் கூப்பிடுவேன். "இல்லை இல்லை, நான் சும்மா வெயிட் பண்றேன்" என்பார்.

கூட்டம் வந்ததே தவிர, அறை வரவில்லை. எல்லாரும் கண் கலங்கினார்கள், எல்லாரும் அரசாங்க வீட்டில் இருந்தார்கள். சரஸ்வதி பூஜையும் முடிந்தது. விஜயதசமி சாயங்காலம் டீச்சர் துணிமணிகளை ஒரு பையில் கட்டி மூலையில் வைத்திருந்தார். மறுநாள் ரயில். கிளார்க் வெளியே படியில் உட்கார்ந்து தலையைக் குனிந்துகொண்டிருந்தார்.

கொலு முடிந்தது என்பதற்கு அடையாளமாக ஒரு பொம்மையைப் படுக்க வைப்பார்கள் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். மாமி கலசத்தை எடுத்துவிட்டு, ஆரத்தி முடிந்து, கைக்கு எட்டிய ஒரு பொம்மையை எடுத்தார். அது அந்தச் சைக்கிள்காரர். எதேச்சையாக எடுத்ததுதான். சைக்கிளோடு அப்படியே சாய்த்துப் படுக்க வைக்கப் போனார்.

"ஐயோ, படுக்க வைக்காதேங்கோ!"

டீச்சர் ஓடி வந்து மாமியின் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தக் காலனியில் மாமியின் கையை யாரும் பிடித்ததில்லை. "வைக்காதேங்கோ மாமி. றோட்டில கிடந்தவை எல்லாம் இப்பிடித்தான் கிடந்தவை" என்றார். அழவில்லை. கையை மட்டும் விடவில்லை.

மாமி பொம்மையைத் திரும்ப நிமிர்த்திப் படியில் வைத்தார். வேறு ஏதாவது பொம்மையை வைக்கலாமே என்று ஒருத்தி சொன்னாள். சாமி பொம்மையை வைத்தால் போயிற்று என்று இன்னொருத்தி. மாமி திரும்பிப் பார்த்தார்.

"ஒண்ணையும் படுக்க வைக்கப் போறதில்லை. இவா யாருமே படுக்க வேண்டாம். பூஜை முடிஞ்சுடுத்து. கொலு முடியலை" என்றார். கொஞ்சம் நிறுத்தி, "கொலு நடந்துண்டிருக்கற வீட்டிலேர்ந்து ஒருத்தரை எப்படிடா வெளில அனுப்பறது?" என்று வாசலைப் பார்த்துக் கேட்டார். கிளார்க்கைப் பார்த்துத்தான் கேட்டார். கிளார்க் எழுந்து நின்றார்.

அப்போதுதான் வேலிக்கு வெளியே இருந்து செக்ரட்டரி உள்ளே வந்தார். செருப்பைக் கழற்றினார், மஃப்ளரை அவிழ்த்தார், மறுபடி கட்டிக்கொண்டார்.

"உள்வாடகைதான் கூடாது. விருந்தாளி வந்து தங்கறதை எந்த ரூலும் தடுக்கலை. ஒரே வீட்ல மாசக்கணக்கா இருந்தா கேள்வி வரும். பதினஞ்சு நாள் இருந்துட்டு அடுத்த வீட்டுக்குப் போனா அது விருந்தாளிதானே? நான் யோசிச்சுப் பாத்துட்டேன். ஒம்பது நாளா அதைத்தான் யோசிச்சிண்டிருந்தேன்" என்றார்.

பிறகு தன் மனைவியைப் பார்த்தார். அந்த அம்மாள், "மொதல்ல நம்மாத்துக்கு வரட்டும்" என்றார்.

இப்படித்தான் அந்தக் கொலு நடக்க ஆரம்பித்தது. பதினைந்து நாளைக்கு ஒருமுறை ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்கு. டீச்சரும் மகளும் போனால் படியும் போக வேண்டும். கொலு முடியாதவரை அவர்களை யாரும் கிளம்பச் சொல்ல முடியாது அல்லவா? என் ஆட்கள் பலகையைக் கழற்றித் தள்ளுவண்டியில் ஏற்றுவார்கள். பொம்மைகளை மட்டும் யாரிடமும் கொடுக்க மாட்டேன், நானே மடியில் வைத்துக்கொண்டு வண்டியில் உட்கார்ந்து போவேன். கல்யாண சீசனில் பலகைக்கு எவ்வளவு கிராக்கி என்பது தொழில்காரர்களுக்குத் தெரியும். நான் அந்தப் பலகைகளை வேறு எங்கும் அனுப்பவில்லை.

அகராதி பிடித்தவர்கள் எந்த ஊரிலும் உண்டு. கார்த்திகை மாதம் கொலுவா என்று கேலி செய்தார்கள். அபசாரம் என்றார்கள். மாமி எல்லாருக்கும் ஒரே பதில் வைத்திருந்தார்: "உன் ஆத்துல நான் படி கட்டச் சொல்லலையே!"

செக்ரட்டரி வீட்டு முறை முடிந்து, இரண்டு வீடுகள் தாண்டி, டிசம்பரில் வேறு இடம் சரியாக வராததால் மறுபடி அவர் வீட்டுக்கே திரும்ப வேண்டியிருந்தது. அன்றைக்கு வேலை நாள். செக்ரட்டரி கேஷுவல் லீவ் போட்டிருந்தார். நான் படியை நிறுத்தி, துணி விரித்து, பொம்மைகளை அடுக்கிக்கொண்டிருக்கிறேன். வாசலில் ஓர் ஆள் சைக்கிளை ஸ்டாண்ட் போட்டான். குவார்ட்டர்ஸ் இன்ஸ்பெக்டர். காக்கிக் கோட்டு, கையிடுக்கில் ஃபைல். பழைய புகார் ஊர்ந்து ஊர்ந்து அன்றைக்குத்தான் இறங்கி வந்திருக்கிறது. கிளார்க் வீட்டில் பார்த்துவிட்டு, அக்கம்பக்கத்தில் விசாரித்து, நேரே இங்கே வந்துவிட்டான்.

டீச்சர் அடுக்களையில் இருந்தார். மகள் அறை நடுவில் உட்கார்ந்து பென்சில் சீவிக்கொண்டிருந்தாள். இன்ஸ்பெக்டர் குழந்தையைப் பார்த்தான், படியைப் பார்த்தான், மூலையில் இருந்த துணிப் பையைப் பார்த்தான்.

"யே கோன் லோக் ஹைன்?" இவர்கள் யார் என்று கேட்டான்.

நான் வாயைத் திறந்தேன். எனக்கு இந்த மாதிரி ஆட்களைச் சமாளிக்கத் தெரியும், எத்தனையோ பேரைப் பார்த்தவன். ஆனால் செக்ரட்டரி எனக்கு முன்னால் வந்து நின்றுகொண்டார். கையில் டீ கிளாஸ். அது சாஸரில் கடகடவென்று அடித்துக்கொள்கிற சத்தம் எனக்குக் கேட்டது. ப்ரமோஷன் உத்தரவு எந்த நாளும் வரலாம் என்றிருந்த நேரம் அது.

"மெஹ்மான் ஹைன் ஜி" என்றார். விருந்தாளிகள்.

"எதுக்கு வந்திருக்காங்க?" என்று இந்தியில் அடுத்த கேள்வி.

"திருவிழாவுக்கு" என்றார் செக்ரட்டரி.

இன்ஸ்பெக்டர் சிரித்தான். "பாபுஜி, தசரா தோ கப் கா கதம் ஹோ கயா!" தசரா எப்போதோ முடிந்துவிட்டதே என்கிறான். வெளியே டிசம்பர் மூடுபனி வெள்ளையாக நிற்கிறது.

செக்ரட்டரி படியைக் கையால் காட்டினார். கப்பல், பெஞ்சில் தூங்குகிற குழந்தைகள், கதவு மட்டும் நிற்கிற வீடு. கிளாஸில் இருந்த டீ பாதி சாஸரில் கொட்டிவிட்டது.

"இன்கா நஹீ ஹுவா" என்றார்.

இவர்களுக்கு முடியவில்லை. அவ்வளவுதான் அவர் சொன்னது.

இன்ஸ்பெக்டர் குனிந்து பார்த்தான். எவ்வளவு நேரம் பார்த்தான் என்று எனக்குத் தெரியாது. என்ன நினைத்தான் என்றும் தெரியாது. செக்ரட்டரி நீட்டிய டீயை வாங்கி, நின்றபடியே குடித்தான். ஃபைலைத் திறந்து, "மெஹ்மான்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு என்னவோ எழுதினான். சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான். செக்ரட்டரி அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டேன். தலையாட்டினார். அதற்குப் பிறகு அந்த வீடுகளுக்கு யாரும் விசாரிக்க வரவில்லை.

ஜனவரியில், பொங்கலுக்கு அடுத்த நாள்களில் ஒரு காலை. பனியில் பத்தடிக்கு அப்பால் தெரியவில்லை. கிளார்க் பால் வாங்கக் கதவைத் திறந்திருக்கிறார். வாசலில் ஒருவர் அரைக்கைச் சட்டையோடு, கைகளை இறுகக் கட்டிக்கொண்டு நின்றிருக்கிறார். ஒரு பக்கம் உடைந்த கண்ணாடி. இருவரும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்களாம். இத்தனை வருஷப் பழக்கத்தில் ஒருவர் கையெழுத்து ஒருவருக்கு அத்துப்படி, முகம்தான் தெரியாது. வந்தவர் பேரைச் சொன்னதும் கிளார்க் தன் போர்வையை எடுத்து அவர் மேல் போட்டு, மாமி வீட்டுக்கு நடத்திக் கூட்டிப் போனார். அப்போது கொலு மாமி வீட்டில் நடந்துகொண்டிருந்தது. அடிபட்டு மாதக்கணக்கில் ஆஸ்பத்திரியில் கிடந்து, எழுந்து நடக்க முடிந்தவுடன் தோணி ஏறியிருக்கிறார் அந்த மனுஷர். பாலோடு வீட்டுக்கு வரவேண்டிய ஆள் எங்கே என்று கிளார்க்கின் மனைவி தேடிக்கொண்டு போனார். அவருக்குப் பின்னால் இன்னொரு வீடு, அதற்குப் பின்னால் இன்னொரு வீடு. கொஞ்ச நேரத்தில் காலனியே மாமி வீட்டு வாசலில் நின்றது.

எனக்குச் சாயங்காலம் ஆள் அனுப்பினார்கள், படியைப் பிரிக்க. நான் போனபோது அவர் கூடத்தில் படிக்கு முன்னால், ஜமக்காளத்தில் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தார். சாப்பிட்டுவிட்டுச் சாய்ந்தவர், எழுந்திருக்கவே இல்லையாம். மகள் பக்கத்தில் உட்கார்ந்து, அவருடைய சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"இப்போ படுக்க வைக்கலாமாடி?" என்று மாமி கேட்டார். அந்தக் குரலை அவ்வளவு மெதுவாக நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை.

"வைப்பம் மாமி" என்றார் டீச்சர். அவரே சைக்கிள்காரரை எடுத்து, சைக்கிளைத் தனியாகக் கழற்றி வைத்துவிட்டு, மனுஷரை மட்டும் படியில் பக்கவாட்டில் படுக்க வைத்தார். மாமி பின்னிக்கொண்டிருந்த உல்லன் துண்டு ஒன்றை எடுத்து அதன் மேல் போர்த்தினார். தில்லிக் குளிர் பொம்மையை விடுமா?

நான் சத்தம் வராமல் பலகைகளைக் கழற்றினேன்.

அவர்கள் அந்த மாதக் கடைசியில் திருச்சிப் பக்கம் போனார்கள். அங்கிருந்து கொஞ்ச வருஷத்தில் வேறு ஏதோ ஒரு தேசத்துக்குப் போனதாகக் கேள்வி. செக்ரட்டரியின் ப்ரமோஷன் ஒரு வருஷம் தாமதமாகத்தான் வந்தது. இதனால்தானா என்று கேட்டேன். "இல்லை இல்லை, வேற காரணம்" என்று சொல்லிவிட்டு, அக்கம்பக்கம் யாராவது கேட்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டார். அவர் கடைசிவரை அப்படியேதான் இருந்தார்.

எனக்கு இப்போது வயதாகிவிட்டது. தொழிலைப் பிள்ளைகள் பார்க்கிறார்கள், மூன்று கடைகள், சொந்த லாரி. யாருக்கும் பயந்ததில்லை என்று இன்றைக்கும் நெஞ்சை நிமிர்த்திச் சொல்வேன். ஆனால் பயமே இல்லாத எனக்கு அந்தக் குளிர்காலத்தில் போனது சில பலகைகளின் வாடகை மட்டும்தான். நடுங்குகிற கையில் டீ கிளாஸைப் பிடித்துக்கொண்டு ஒருவர் வாசலை மறித்து நின்றாரே, பயந்த மனுஷர்கள் பயந்துகொண்டே ஒருவரைக் காப்பாற்றுவார்கள் என்பதை நான் வேறு எங்கேயும் பார்த்ததில்லை.